ஷாகோ துறையில் தரைதட்டிய படகு

ஒரே ஒரு ராத்திரி தங்குவதாகத்தான் ஷாகோவுக்கு வந்தோம். ஒன்பதாம் மாதக் கடைசி. போயாங் ஏரி வற்ற ஆரம்பித்திருந்தது. படகில் ஊறுகாய் ஜாடிகள் அடுக்கியிருந்தோம். அவற்றில் பாதியை அங்கே இறக்கிவிட்டு, என் அக்கா புருஷனின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் தலையைக் காட்டிவிட்டு, மறுநாள் கிளம்பிவிட வேண்டும் என்பது கணக்கு.

படகுதான் எங்கள் வீடு. நான், என் கணவர் டெங்ஃபு, எட்டு வயது மகள் ஆலிங், மூன்று பேரும் அதில்தான் சமைத்தோம், தூங்கினோம். என் அக்கா யின்டியும் படகில் பிறந்தவள்தான். இருபத்தைந்து வருஷம் முன்பு ஷாகோவில் கயிறும் டீசலும் விற்கும் குவாங் அத்தானைக் கட்டிக்கொண்டு கரையேறினாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

படிக்கட்டில் ஏறி வருவதற்குள் அக்கா ஆலிங்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அவ எட்டு வயசுக் கழுதை. இறக்கிவிடுக்கா, இடுப்பு ஒடிஞ்சிடும்," என்றேன்.

"என் இடுப்புதானே? உனக்கென்னடி?"

விருந்து நன்றாகவே நடந்தது. மிளகாய் அரைத்துப் போட்டு ஆவியில் வேகவைத்த ஏரி மீன், தாமரைக்கிழங்கு சூப்பு, அரிசி மது. மறுநாள் காலை கிளம்பும்போது அக்கா வாசலை மறித்தாள். பெரிய மீன் ஒன்றை உப்புப் போட்டு ஊறவைத்துவிட்டாளாம், யார் தின்பது என்றாள். இருந்தோம். அதற்கு மறுநாள் அவளுக்கு நெஞ்சு வலித்தது. போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஆலிங்கின் கையை விடாமல் பிடித்திருந்தாள். அப்படிக் கிடப்பவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

தினமும் போய்த் துறையின் படிகளை எண்ணினேன். வந்த அன்று பதினோரு படி வெளியே தெரிந்தது. மூன்றாம் நாள் பதினான்கு. ஷாகோ துறைக்கு ஒரே வாய்தான். இரண்டு சேற்று மேடுகளுக்கு நடுவே ஒரு படகு போகுமளவு கால்வாய். அது வற்றினால் மறுவருஷம் மூன்றாம் மாதம் மழைத் தண்ணீர் வரும்வரை உள்ளே இருப்பது உள்ளேதான்.

அத்தானிடம் கேட்டேன். கடையில் எந்நேரமும் ரேடியோ வைத்திருப்பார், நீர்மட்டம் சொல்லும்போது சத்தத்தைக் கூட்டுவார்.

"இன்னும் ஆறு நாள் தாங்கும் லாமெய். மேல ஆத்துல மழையாம். பயப்படாம உக்காரு," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

டெங்ஃபு சீட்டாட்டத்தில் இருந்தார். "அத்தான்தான் சொல்றாரே," என்றார். பிறந்ததிலிருந்து தண்ணீரின் நிறம் பார்த்தே ஆழம் சொல்லும் மனுஷர், அன்று ஒரு கடைக்காரர் பேச்சை நம்பினார்.

ஐந்தாம் நாள் நான் பிடிவாதமாகக் கிளப்பினேன். கால்வாயின் வாயை நெருங்கும்போதே படகின் அடிவயிறு உரசும் சத்தம் கேட்டது. இன்ஜின் சேற்றைக் கடைந்தது. கழியை ஊன்றித் தள்ளினோம். மீனவர்கள் சின்ன ஓடங்களில் வந்து ஜாடிகளை இறக்கித் தந்தார்கள். படகு அசையவில்லை. சாயங்காலத்துக்குள் அது மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்துடுங்க," என்றாள் அக்கா. அவளுக்கு நெஞ்சு வலி போயிருந்தது.

நான் மறுத்துவிட்டேன். சாய்ந்த படகிலேயே இருந்தோம். கிண்ணத்தை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். படுத்தால் மூன்று பேரும் ஒரே மூலைக்கு உருண்டு வந்துவிடுவோம். ஆலிங் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தே நாளில் சேறு வெடித்தது, ஒரு மாதத்தில் சுற்றிலும் புல் முளைத்தது. என் படகைச் சுற்றி எருமைகள் மேய்ந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் தரை. எந்தப் பக்கமும் நடந்து போகலாம், ஆனால் எங்கே போவது? வீடு இங்கேதான் சேற்றில் புதைந்து கிடந்தது.

"சும்மா இருக்கிற நேரத்துல பள்ளிக்கூடம் போகட்டுமே," என்று அக்கா ஆலிங்கைக் கூட்டிப்போய்ச் சேர்த்தாள். நல்லதுதானே என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. குடையோடு நானே பள்ளிக்குப் போனேன். வாத்தியார் இளம்பெண், பெயர் ஷூ.

"நீங்க யாரு?" என்றாள்.

"ஆலிங்கோட அம்மா."

அவள் குழம்பிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். "அம்மான்னு யின்டியம்மா பேருல்ல இருக்கு? எட்டாம் மாசமே வந்து பதிஞ்சிட்டாங்களே. பொண்ணு கொஞ்சம் தாமதமா வரும்னு சொன்னாங்க."

"இன்னொரு தடவ படிங்க," என்றேன். எனக்கு எழுத்து தெரியாது. அவள் விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். நாங்கள் ஷாகோவுக்கு வருவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

நேராகக் கடைக்குப் போனேன். அக்கா டீசல் அளந்துகொண்டிருந்தாள். அத்தான் ஸ்டூலில் இருந்தார்.

"அத்தான், ரேடியோவுல எத்தனை நாள் தாங்கும்னு சொன்னாங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்தார். "ரெண்டு நாள்."

"அவரை ஏன் கேக்கறே? நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றாள் அக்கா. புனலைக் கீழே வைத்தாள். "கேட்டா குடுத்திருப்பியா?"

"என் பொண்ணைத் திருடப் பாத்தியா நீ?"

"திருடறதா? அவளுக்கு எட்டு வயசுடி. இங்க வந்தப்போ தன் பேரை எழுதத் தெரியல. நான் கரைக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் இந்தத் தெருவுல நான் படகுக்காரிதான். ஒரு தாளைக் குடுத்தாக் கட்டைவிரலைத்தான் நீட்டறேன். உனக்கு அது பழகிடுச்சு. அவளுக்கும் பழகணுமா?"

"அதுக்காக அம்மான்னு உன் பேரா?"

அவள் புனலை மறுபடி கையில் எடுத்தாள். அத்தான் எழுந்து கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

படகுக்கு வந்து டெங்ஃபுவிடம் சொன்னேன். அவர் எருமைகளைப் பார்த்தார். "தண்ணியைப் பாக்காம சீட்டைப் பாத்தேன்," என்றார். மறுநாள் பள்ளிக்குப் போய் என் பெயரை எழுதவைத்தேன். லாமெய், தாய். அந்தக் குளிர்காலம் முழுக்க அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினம் காலையில் புல்வெளி வழியாக ஆலிங்கைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். நிறுத்திவிட நினைத்த நாட்கள் உண்டு. புத்தகத்தைச் சாய்ந்த பலகையில் வைத்து, வழுக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு அவள் வாய்விட்டுப் படிப்பாள். அதைப் பார்த்ததும் கோபம் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

மூன்றாம் மாதம் மழை வந்தது. புல் மூழ்கியது. ஒரு விடியலில் படகு நிமிர்ந்தது. டெங்ஃபு சந்தோஷத்தில் கத்தினார். ஜாடிகளை ஏற்றினோம். ஆலிங் பையை மடியில் வைத்துக்கொண்டு படகின் முனையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எட்டு நாள்ல பரீட்சை."

"சரி."

"ஷூ டீச்சர் என்னை முதல் பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க."

அழவில்லை, கெஞ்சவில்லை. அதுதான் என்னைத் தின்றது. அழுதிருந்தால் அறைந்துவிட்டு இன்ஜினை ஓட்டச் சொல்லியிருப்பேன்.

"நீங்க போங்க," என்றேன் டெங்ஃபுவிடம். "என் தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கோங்க. நானும் இவளும் இருக்கோம்."

"அக்கா வீட்லயா?"

"செத்தாலும் மாட்டேன்."

அவர் எங்கள் போர்வையையும் ஒரு சட்டியையும் படியில் இறக்கி வைத்தார். படகு கால்வாயைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியது. முப்பத்தாறு வயதுவரை நான் இல்லாமல் எங்கள் படகு போய்ப் பார்த்ததில்லை. காலடியில் தரை ஆடவே இல்லை.

நூடுல்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்தேன். ஜன்னல் கிடையாது. பகலில் அந்தக் கடையிலேயே கிண்ணம் கழுவினேன். சுவர் நாலு பக்கமும் கைநீட்டினால் எட்டும். சில நாள் மூச்சு முட்டி வாசலில் போய் நிற்பேன். டெங்ஃபு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் படகில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் அக்கா வந்து கதவருகே நின்றாள். கையில் எதுவும் இல்லை. கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன் என்று தெரிந்திருக்கும்.

"உள்ள வரலாமா?"

அறையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதில் ஆலிங்கின் சட்டையை மடித்து வைத்திருந்தேன். எடுத்துக் கட்டிலில் போட்டேன். அவள் உட்கார்ந்தாள். நான் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.