முக்கூட்டுக்கு வந்த அடுப்படி

வடகால்பாடியில் நெடுஞ்செழியன் வீட்டுச் சமையலறை, ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டது. சுவர், கூரை, ஜன்னல், கேஸ் அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் விளக்கும் தொட்டி, தொட்டிக்கு மேல் தொங்கும் கரண்டிகள் எல்லாம் அதனுடன் போயின. வீட்டின் பின்பக்கம் சதுரமாக ஒரு வெட்டவெளி மட்டும் மிஞ்சியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் உடனே வந்து அதில் மேய்ந்தன. அந்த வாரம்தான் பால் விலையும் ஏறியிருந்தது. டீக்கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள். பால் விலையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள்.

அந்தச் சமையலறையில் சமைத்தவள் எழில்மொழி. திருவாரூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் இட்லி ஊற்றி, மதியத்துக்குப் புளிச்சோறோ தயிர்ச்சோறோ கட்டிவைத்து, பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறுவாள். நாள் முழுக்க நின்றபடி ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். இருட்டும் நேரத்தில் மூன்று சாலை கூடும் முக்கூட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு சேற்றில் நடந்து வீடு வருவாள். கணவன் நெடுஞ்செழியனுக்குக் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வெயில் இருக்கும்போதே வீடு வந்துவிடுவான். அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. முக்கூட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிவர அதை எடுத்ததில்லை. வண்டி சேறாகிவிடும் என்பான். அவள் கால் சேறாவதைப் பற்றி அவன் சொன்னதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

வந்ததும் வராததுமாக அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களைவாள். அரிசியும் பாசிப்பருப்பும் தக்காளியும் ஒன்றாகக் குக்கரில் போட்டு, மேலே கொஞ்சம் மிளகு சீரகம் தட்டிப்போட்டு, விசில் வருவதற்குள் பிள்ளைகளின் சீருடையை அலசிவிடுவாள். சில நாள் ரவை உப்புமா. சில நாள் காலை மாவில் வெங்காயம் தூவிய ஊத்தப்பம், தொட்டுக்கொள்ளப் பொட்டுக்கடலைச் சட்னி. கருவேப்பிலைப் பொடி ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கும். சூடான சோற்றில் அதைப் போட்டு நல்லெண்ணெய் ஊற்றி, முட்டை ஒன்றைப் பொரித்து வைத்தால் பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்பார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருத்தி அரை மணி நேரத்தில் நாலு பேர் வயிற்றைச் சூடாக நிரப்பினாள் என்றால், அந்த வீட்டில் அவளுக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

மாலைக்குப் பதில் வீடியோ வந்தது. நெடுஞ்செழியன் மாலை நேரத்தில் கட்டிலில் படுத்து, 'பத்தே நிமிடத்தில் இரவு விருந்து' என்கிற மாதிரி வீடியோக்களைப் பார்த்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் மனைவிக்கு அனுப்புவான். அவற்றில் வெங்காயம் ஏற்கெனவே நறுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும், தேங்காய் துருவி இருக்கும், பூண்டு உரித்து இருக்கும். உரித்தவரை யாரும் காட்டுவதில்லை. அந்தத் திங்கட்கிழமை பஸ் மழையில் நின்றுபோய், எழில்மொழி நனைந்துகொண்டு வந்து பருப்புச் சாதம் வைத்து, அப்பளம் சுட்டுப் போட்டாள். நெடுஞ்செழியன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடிவச்சா அது சமையலா? பத்து நிமிசத்துல என்னென்ன பண்றாங்க, அனுப்பியிருந்தேனே, பாக்கலியா?"

"பாத்தேன். அதுல வெங்காயத்த யாருங்க உரிச்சா?" என்றாள் எழில்மொழி.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் நல்லக்கண்ணுவும் சும்மா இருக்கவில்லை. "ஒரு கொழம்பு, ஒரு ரசம், ஒரு கூட்டு. மனுசன் சாப்புடுறதுன்னா அது. ஒடம்புக்கு முடியாதவனுக்கு வைக்கிற கஞ்சி மாதிரியில்ல இருக்கு இது" என்றார். இந்த நல்லக்கண்ணு சாதாரண ஆள் இல்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்து, கூலிக்காகச் சிறை போனவர். பொழுது சாய்ந்த பிறகு வயலில் ஒரு கதிர்கூட அறுக்க மாட்டோம் என்று மிராசுதாரிடம் நேருக்கு நேர் சொல்லி, அதைச் சாதித்தும் காட்டியவர். தெருவே அவரைக் கும்பிடும். பொழுது சாய்ந்த பிறகு தன் வீட்டில் தொடங்கும் வேலை மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

எழில்மொழி தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் விளக்கினாள். கழுவிய தண்ணீர் அன்றைக்குத் தொட்டியில் வடியாமல் வெகுநேரம் நின்று முனகியதாக மகள் கனிமொழி பிறகு சொன்னாள்.

மறுநாள் சமையலறை கிளம்பியபோது கனிமொழியும் தம்பி இளம்பரிதியும் உள்ளேதான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சினைப்பசு நடக்கிற வேகத்தில் அது போனது என்றும், மதகு தாண்டும்போது மட்டும் கொஞ்சம் ஆடியது என்றும் அவர்கள் சொன்னார்கள். முக்கூட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாகை மரத்தடியில் போய் அது உட்கார்ந்தது. எழில்மொழி பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள். உள்ளே போய் முதலில் சிலிண்டரை அசைத்துப் பார்த்தாள், கேஸ் இருந்தது. உலை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைப் போட்டாள். மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பாத்திரத்தை விளக்கிக் கவிழ்த்துவிட்டு, ஆண்கள் இருவருக்கும் எடுத்துப்போகாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் தூங்கப் போனாள்.

அது திரும்பி வரவில்லை. லைன்மேன் வந்து பார்த்தார்: வயர் இல்லை, விளக்கு எரிந்தது; மீட்டர் மட்டும் நெடுஞ்செழியன் வீட்டில் ஓடியது. சாலையோர நிலத்தில் ஆக்கிரமிப்பு என்று யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். விடிந்தபோது சமையலறை நாலடி நகர்ந்து உட்கார்ந்திருந்தது. நோட்டீஸ் பழைய இடத்திலேயே காற்றில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதே பஸ்ஸில் வரும் ஜெயபாரதி, துணிக்கடையில் நாளெல்லாம் புடவை விரித்துப் போடுகிறவள், ஒருநாள் இறங்கியதும், "அக்கா, எனக்கும் நாலு ஆழாக்கு அரிசி சேத்துப் போடுங்களேன், நான் காய் அரியுறேன்" என்று உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அரிசி களைய, ஒருத்தி புளி கரைக்க, பெரிய குக்கரில் ஒன்றாக வெந்ததை ஆளுக்கொரு தூக்கில் வாங்கிக்கொண்டு, உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்கும்போதே வீடு போனார்கள். கூத்தாநல்லூர்க்காரரான கண்டக்டர் மீரா சாகிப், முக்கூட்டு என்று சொல்வதை விட்டுவிட்டு, "அடுப்படியெல்லாம் எறங்குங்க" என்று கூப்பிடத் தொடங்கினார். டிக்கெட் விலை மாறவில்லை.

வீட்டில் ஆண்கள் பரோட்டா தின்றார்கள். நல்லக்கண்ணுவுக்கு வயிறு கெட்டது. நெடுஞ்செழியனுக்கு வயிற்றைவிட மானம் பெரிதாக வலித்தது. "பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன் வீட்டுலதான்டா அடுப்படி வெளிய போவும்" என்று டீக்கடையில் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவனுக்கும் தன் வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. நெடுஞ்செழியன் மேலத்தெரு துரைராசுவிடம் போய் டிராக்டர் கேட்டான். துரைராசு அந்தக் காலத்து மிராசுதாரின் மகன். இப்போது நல்ல மனிதர், கேட்டவர்க்கு டிராக்டர் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். சமையலறையைச் சுற்றி இரும்புச் சங்கிலி போட்டார்கள். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் திரண்டது. எழில்மொழி உள்ளே நின்று, வெளியே பார்க்காமல், வேகவேகமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்குவது வெளியே கேட்டது. கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வரும். அதை மறைக்கத்தான் வெங்காயத்தை எடுத்தாள் என்று ஜெயபாரதி சொன்னாள்.

நல்லக்கண்ணு தடியை ஊன்றிக்கொண்டு வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றார். மகனுக்கு ஆதரவாகத்தான் வந்தார். சங்கிலியைப் பார்த்தார். டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த துரைராசுவைப் பார்த்தார். அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னக் கட்டிடத்தைப் பார்த்தார். அறுப்புக்குப் போகாமல் வரப்பில் உட்கார்ந்திருந்த ஜனங்களும், அவர்களைக் கிளப்ப வந்த ஆட்களும் அவர் நினைவுக்கு வந்தார்கள். அந்த நாட்களில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சி ஊற்றியது அவர் மனைவி வேம்பு. போராட்டம் வென்ற அன்றும் அவள்தான் காய்ச்சினாள். செத்துப்போன வருஷம் வரை, நடவு முடித்துக் கரையேறி, இருட்டில்தான் அடுப்பு மூட்டினாள். நல்லக்கண்ணு நடந்து போய், டிராக்டருக்கும் சமையலறைக்கும் நடுவே, சங்கிலியின் மேல் உட்கார்ந்தார்.

"பெரியவரே, கால்ல பட்டுறப்போவுது, தள்ளிக்கங்க" என்றார் துரைராசு.

"எஞ்சின அமத்து தம்பி. இது வேலைநிறுத்தம். நான் நெறையப் பாத்திருக்கேன். ஒங்கப்பாவும் பாத்திருக்காரு."

நெடுஞ்செழியன் ஓடிவந்தான். "என்னப்பா இது, ஊரு சிரிக்குது. எந்திரிங்க. இது நம்ம வீட்டு அடுப்படி."

"நம்ம அடுப்படியா? அதுல நீ என்னைக்குடா நின்ன?"

"ஏன், நீங்க நின்னீங்களா?"

கிழவர் தடியைத் தரையில் கிடத்தினார். "நிக்கல" என்றார். "ஒங்கம்மாகிட்ட ஒருநாள்கூட, நீ ஒக்காரு வேம்புன்னு சொன்னதில்ல. அதுக்காவ இப்ப கருங்காலியாவச் சொல்றியா?"

துரைராசு எஞ்சினை அணைத்தார். சங்கிலி தானாகக் கழன்று, சுற்றிச் சுருண்டு, டிராக்டரின் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நல்லக்கண்ணு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னலைப் பார்த்து, சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரலில் கேட்டார்: "எழிலு, கோரிக்கை என்னம்மா?"

எழில்மொழி வெளியே வந்தாள். கையில் கத்தி அப்படியே இருந்தது. "கோரிக்கையா? நான் அத வரச்சொல்லல மாமா. அதுவா வந்துச்சு. ஆனா கேட்டுட்டீங்க, சொல்றேன். பகலெல்லாம் ஊசி குத்திட்டு, நின்ன காலோட வந்து ஆக்கிப் போடுறேன். அது சாப்பாடு இல்லியாம், கஞ்சியாம். எம் புள்ளைங்க அதத் தின்னுதான் வளருது. சீக்கிரமா சமைக்கிறேன்னா சோம்பேறின்னு அர்த்தமில்ல. வேற நேரமில்லன்னு அர்த்தம். மொதல்ல வீட்டுக்கு வர்றது யாரு? அவங்க ஒலய வைக்கட்டும். வைக்கத் தெரியலன்னா கத்துக்கட்டும். நான் பொறக்கும்போதே கத்துக்கிட்டா வந்தேன்?" சொல்லிவிட்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நெடுஞ்செழியன் அன்று எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் போனான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நல்லக்கண்ணு மட்டும் தினமும் மாலை குடை பிடித்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பயறில் கல் பொறுக்கினார். கார்த்திகை பிறந்து, பிள்ளைகளும் முக்கூட்டுக்குப் போய்விடும் மாலைகளில் வீடு கிணறு மாதிரி ஆகிவிட்ட ஒரு நாள், நெடுஞ்செழியன் மோட்டார் சைக்கிளைச் சேற்றில் ஓட்டிக்கொண்டு, பஸ் வருவதற்கு முன்பே முக்கூட்டுக்கு வந்தான். "சோத்துக்கு எவ்வளவுப்பா தண்ணி?" என்று கேட்டான். "எனக்கு என்னடா தெரியும்?" என்றார் நல்லக்கண்ணு. கனிமொழிதான் சொன்னாள். சோறு குழைந்தது. எழில்மொழி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, கைப்பையைக்கூட வைக்காமல், ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். அப்படியே உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பல வருஷத்தில், விளக்கு வைத்த பிறகு அவள் உட்கார்ந்ததை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. காலை நீட்டி உட்கார்ந்தபோது அவளுடைய கணுக்கால் வீங்கியிருப்பது தெரிந்தது.

சமையலறை வீட்டுக்குத் திரும்பவே இல்லை. தை மாதத்தில் மதகு வரை வந்து, அங்கே நிழல் பிடித்துப்போய் நின்றுவிட்டது. அதற்குத் தனியாக வீட்டு எண் கொடுத்தார்கள். தபால்காரர் அங்கேயே தபாலைப் போடுகிறார். நெடுஞ்செழியன் இப்போது மோர்க்குழம்பு வைக்கிறான், பரவாயில்லாமல் வருகிறது. எழில்மொழியின் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பழைய வருஷங்களை நினைத்தால் இன்னும் அவள் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள், அதில் தப்பும் இல்லை.

போன ஆனியில் மேலத்தெருவிலிருந்து துரைராசு வீட்டுச் சமையலறை கிளம்பியது. அது பெரியது, கிரைண்டர் மேடை, விறகடுப்பு, சாமான் அறை எல்லாம் சேர்த்து வந்ததால் சாலையை அடைத்துக்கொண்டது. துரைராசுவின் மனைவி ஞானாம்பாள் உள்ளே நின்று, பொங்கிவந்த பாலை இறக்கிக்கொண்டிருந்தார். திருவாரூர் பஸ் வந்த நேரம் அது. மீரா சாகிப் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தி, கீழே இறங்கி நடுரோட்டில் நின்று, எதிரே வந்த லாரியைக் கைகாட்டி ஒதுக்கினார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "வாங்கம்மா, வாங்க, எடம் இருக்கு, மெதுவா ஒடிச்சு வாங்க" என்றார்.