தடை வருவதற்கு முன்

தபால்தலை அளவில் ஒரு காகிதத் துண்டு உறைக்குள் வந்திருந்தது. அதே மாதிரி ஒன்றை நாக்கில் வைத்த நடன மாணவி ஒருத்தி, ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு வெளியே மேடை தெரிகிறதென்று சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தாளாம். இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லிவிட்டு உறையை மேசையில் நகர்த்தி வைத்தார்.

தடயவியல் கூடத்தில் போதைப்பொருட்களைப் பரிசோதிப்பவளுக்குக் கல்லூரி நாளில் 'தராசு' என்று பட்டப்பெயர். எடை போட்டால் இம்மி பிசகாது. அவள் காகிதத்திலிருந்த மருந்தைப் பிரித்து எந்திரத்தில் கொடுத்தாள். திரையில் எழுந்த கோடுகள், ஏற்கெனவே தடை செய்யப்பட்ட, இல்லாததைக் கண்ணில் காட்டும் ஒரு போதைமருந்தின் சாயலில் இருந்தன. ஆனால் அதுவே அல்ல. மூலக்கூறின் ஓரத்தில் ஒரே ஒரு அணுக்கூட்டத்தை யாரோ கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியிருந்தார்கள். அந்த வித்தியாசம் மூளைக்குத் தெரியாது. சட்டத்துக்குத் தெரியும்.

"அப்ப இது என்ன மேடம்?"

"இப்போதைக்கு வெறும் ரசாயனம் சார். தடைப் பட்டியல்ல ஏத்துற வரைக்கும் செஞ்சாலும் குத்தமில்ல, வித்தாலும் குத்தமில்ல."

"ஒரு பொண்ணு செத்திருக்கா."

"தடை கேட்டு இன்னைக்கே எழுதறேன்."

எழுதினாள். ஆனால் வேறொன்று அவளை அரித்தது. சரக்கில் துளி அழுக்கில்லை. இவ்வளவு சுத்தமாகச் செய்கிற கை ஒன்றைத்தான் அவளுக்குத் தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரன், 'சுருட்டை'.

விடுமுறை நாளில் அவன் வீட்டுக்குப் போனாள். ஜன்னல்களை எல்லாம் அலமாரிகள் அடைத்து நின்றன. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. சுருட்டை முடி கொட்டி, கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகியிருந்தான்.

"நீ தனியாத்தான வந்த?" என்று அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"நீதான் செஞ்சியாடா?"

"பட்டியல்ல இல்லாததாப் பாத்துதான் செஞ்சேன். அந்தப் பொண்ணு விசயம் கேள்விப்பட்டதும் மிச்சத்த எல்லாம் அழிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ண மட்டும் நானே போட்டுக்கிட்டேன். அவ என்னதான் பாத்தான்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு."

"பாத்தியா?"

"போத எறங்கிருச்சு தராசு. மேட போகல. ஜன்னலத் தொறந்தா வெளிய பளபளன்னு விரிஞ்சு கெடக்கு. அவ நடுவுல நின்னு, வாங்களேன்னு கூப்பிடறா. கோவமே இல்ல அவளுக்கு. என்ன உள்ள தூக்கிப் போடச் சொல்லு. சின்ன அறையா, ஜன்னல் இல்லாம."

அவன் கையைப் பிடித்து நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள்.

இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். சரக்கு இன்னும் பட்டியலில் இல்லாததால் அவனைக் கைது செய்ய வழியில்லை. இடையில் நின்று விற்றவன் கம்பி நீட்டிவிட்டான். சாவுக்கு வழக்குப் போட வெறும் வாக்குமூலம் தாங்காது. சில வாரங்களில் தடை வந்தது. அன்றைக்கும் சுருட்டை அவளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றான்.

"தடை வந்த நாள்லேர்ந்துதான் குத்தம்பா. அதுக்கு முன்னாடி செஞ்சதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு அவளிடம், "எல்லாரும் விட்டுடுங்கன்னு கால்ல விழுவானுங்க மேடம். இவன் பிடிச்சுக்குங்கன்னு விழறான்" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

கடைசியில் மனநல மருத்துவமனைதான் அவனைச் சேர்த்துக்கொண்டது. தரைத்தளத்தில் கட்டில் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

தடை வந்த சூடு ஆறுவதற்குள் இன்னொரு காகிதத் துண்டு அவள் மேசைக்கு வந்தது. சாயல் அதேதான். வேறொரு ஓரம் மாறியிருந்தது. இதுவும் பட்டியலில் இல்லை. செய்த கையும் அவன் கையல்ல. அழுக்கு மண்டிக் கிடந்தது.

அன்று சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"புதுசு வந்துருச்சா?"

"இல்லடா."

"எந்தப் பக்கம் மாத்தியிருக்கானுங்க?"

அவள் போர்வையை இழுத்து அவன் கால்மேல் சரிசெய்தாள். அவன் விரல் போர்வையின் மேல் மூலக்கூறை வரைய ஆரம்பித்தது. ஓரம் ஓரமாக நகர்ந்து, சரியான இடத்தில் நின்றது.