பெரியவரின் பின்னங்கால் நார்

அன்று காலையும் தம்பி வழக்கம்போல விலங்குப் பூங்காவுக்குப் போன் போட்டான்.

"பெரியவர் எப்படி இருக்காரு?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் காப்பாளரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "உங்களைவிட நல்லா சாப்பிடுறாரு. செத்துட்டாரான்னு நேரா கேளுங்களேன். எதுக்கு இந்த நலம் விசாரிப்பு?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"பின்ன? எமன்கூட ஒரு தடவைதான் வருவான். நீங்க மாசாமாசம் வர்றீங்க."

தம்பி சிரித்துக்கொண்டே போனை வைத்தான். பசை அடுப்பைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டு உப்புத்தாள் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனான். தாளின் சொரசொரப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றவன் அப்படியே படியில் உட்கார்ந்தானாம். கடைக்காரர் சொன்னார். பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

பெரியவர் என்பது ஒரு கிழட்டு ஒட்டகச்சிவிங்கி. தம்பி மரவில் செய்பவன். வில்லில் எய்கிறவனைப் பார்க்காமல் வெளிப்புறமாக இருக்கும் பக்கத்தை முதுகு என்பார்கள். மரத்தை மட்டும் நம்பி வளைத்தால் என்றாவது ஒருநாள் அந்த முதுகில் சிராய் கிளம்பி வில் உடையும். அதனால் விலங்கின் காலிலிருந்து எடுத்த தசைநாரைக் காயவைத்து, தட்டி, நூல் நூலாகப் பிரித்து, வச்சிரத்தில் தோய்த்து முதுகில் ஒட்டுவோம். வச்சிரம் தச்சர்கள் பயன்படுத்தும் பசைதான். தோலையும் நாரையும் காய்ச்சி எடுப்பது. காயும்போது நார் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வீட்டு முன்னறைதான் பட்டறை. மரவேலை அவனுடையது, நார்வேலை என்னுடையது.

கசாப்புக் கடையில் கிடைக்கும் மாட்டுக்கால் நார் ஒரு சாண் நீளம்தான் வரும். செங்கல் அடுக்குவதுபோல ஒன்றின் முனை இன்னொன்றின் நடுவில் வரும்படி ஒட்டவேண்டும். அது போதும், காலம் காலமாக அது போதுமானதாகத்தான் இருந்தது. பல் டாக்டர் ஒருவர் வந்தார். கைப்பிடியிலிருந்து நுனிவரை ஒட்டே இல்லாத நாரில் ஒரு வில் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் மறந்திருப்பார். தம்பி மறக்கவில்லை. குதிரை லாயத்துக்குப் போனான், நாயை அவிழ்த்துவிட்டார்கள். நெருப்புக்கோழிப் பண்ணைக்காரர் முழுக்கோழியையும் தரத் தயாராக இருந்தார், காலை மட்டும் தனியாகத் தரத் தயாராக இல்லை. கடைசியில் பெரியவரைக் கண்டுபிடித்தான். அந்தப் பின்னங்காலைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை. உடனே மரத்தைச் செதுக்கி, முதுகை இழைத்து, தூசு படாமல் துணி சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

அவன் போன பிறகு பட்டறையை நான் திறக்கவில்லை. விரல் முட்டிகள் வீங்கிவிட்டன. ஒரு வேலையும் ஓடவில்லை. இனி நார் தட்டுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். தம்பி மனைவி ஏதாவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே பட்டறை வாசலில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பாளே தவிர, உள்ளே வந்ததில்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலையில் தம்பியின் போன் அடித்தது. அதற்குச் சார்ஜ் போட்டு வைப்பது யார் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"என்னங்க, ஆளையே காணோம்?" காப்பாளரின் குரல் அடைத்திருந்தது. "பெரியவர் போயிட்டாருங்க. விடியறப்போ."

"நான் அவனோட அக்கா பேசறேன்."

"அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா. மிருக டாக்டர் நாரை எடுத்துக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. மத்தியானம் குழில எறக்கிடுவாங்க."

பக்கத்தில் நின்றிருந்த தம்பி மனைவி, "வர்றோம்னு சொல்லுங்கண்ணி," என்றாள். சொல்லிவிட்டு வைத்தேன்.

"எதுக்கும்மா? எனக்கு முடியலை. உனக்கு அந்த நாத்தமே ஆகாது."

"இப்பவும் ஆகாது. அதுக்காக? ரெண்டு வருஷமா அந்த ஆளுக்குப் போன் போட்டாரு. என்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போனப்பகூட எனக்கு அத்தனை போன் வரலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஒரு வில்லு அவர் நினைச்ச மாதிரியே முடியணும் அண்ணி. எனக்கு அது போதும். அப்புறம் பட்டறையை மூடுங்க, திறங்க, என்ன வேணா பண்ணுங்க."

போனோம். கூண்டுக்குப் பின்னால் ஈர மண்ணில் அது கிடந்தது. காப்பாளர் எங்கள் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"அவர் வரலையா? இப்ப பார்க்க மனசில்லையாக்கும்."

"அவரு முன்னாடியே போயிட்டாருங்க," என்றாள் தம்பி மனைவி.

காப்பாளர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "போன் நின்னு போச்சே... சரி, மனசு எளகிட்டாருன்னு நினைச்சேன். பரவால்ல, நல்ல மனுஷன்தான்னு பெரியவர்கிட்டகூடச் சொன்னேம்மா."

நான் கத்தியை எடுத்தபோது அவர் சாக்கால் அதன் முகத்தை மூடினார். "பின்னங்கால் மட்டும் எடுத்துக்கங்க அக்கா. முன்னங்காலை அவராவே மடிச்சு வெச்சிருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

சரி என்றேன். அவரே பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். முட்டிக்குக் கீழே பின்பக்கமாகத் தோலைக் கீறினால் நார் வெள்ளையாக, ஈரமாக, கயிறு கயிறாக இருந்தது. இருபக்கமும் அறுத்து உருவினேன். என் தோளிலிருந்து விரல் நுனிவரை வந்தும் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படியொரு நாரை நான் தொட்டதில்லை. தம்பியைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் ஈரச்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு தம்பி மனைவி உட்கார்ந்தாள். முன்சீட்டு ஆள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். "சாக்குல மீனா?" என்றான்.

"ஆமா, கொஞ்சம் நீள மீனு," என்றாள். அவன் இடம் மாறி உட்கார்ந்தான். அவள் மூக்கை மூடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கண் இருட்டியது. கையைக் கழுவிவிட்டு, நாரைக் குழாயில் அலசி வைக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மாலை. தண்ணீர்க் குழாய் சத்தம் இல்லை. வெந்நீர் அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, சுருங்கிடுச்சு."

பார்த்தேன். அத்தனை நீள நார் பிழிந்துபோட்ட துணிபோல முறுக்கிக்கொண்டு, கண்ணாடிபோல ஆகி, கைப்பிடியளவுக்கு வந்திருந்தது. விரலால் அழுத்தினால் வழுக்கியது. நார் வெதுவெதுப்புக்குமேல் தாங்காது. கொதிநீர் பட்டால் அவ்வளவுதான், நூலாகப் பிரியவே பிரியாது.

"நாத்தம் போகட்டும்னு வெந்நீர் ஊத்தினேன். அவரு சட்டியில ஆவி பறக்கப் பறக்க முக்கி எடுப்பாரே, பார்த்திருக்கேனே."

வாசலில் நின்று பார்த்தவளுக்கு அது கொதிக்கும் சட்டியாகத் தெரிந்திருக்கிறது. வச்சிரச் சட்டியில் மழைநாளில் ஆவி தெரியும். ஆனால் விரல் பொறுக்கும் சூட்டுக்குமேல் தம்பி ஒருநாளும் விட்டதில்லை.

"அவர் காத்திருந்ததை வேகவெச்சுட்டேன் அண்ணி. ஏதோ சமையலுக்கு வந்த மாதிரி." அழுகை வரவில்லை அவளுக்கு, முகம் மட்டும் கோணியது. "திட்டுங்களேன்."

திட்ட எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரத்தரை. இருவரும் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி அப்படியொரு நார் எங்கே போய்க் கேட்பது? யார் போன் போடுவது? எழுந்து போய் மறுபடி படுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் விரலில் ஒட்டியிருந்த ஈரம் காயத் தொடங்கியிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. பிரித்தேன். மறுபடி ஒட்டின.

"அடுப்பைப் பத்த வை," என்றேன். "சின்னத் தீ. இன்னும் வேகணும்."

"இன்னுமா? உங்களுக்கு என்னாச்சு அண்ணி?"

"வச்சிரம் எதுல இருந்து வருதுன்னு நினைச்சே? இதேதான். நார் வெந்தா பசை."

அவள் என்னை நம்பவில்லை. எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் பற்றவைத்தாள். மறுநாள் முழுக்கக் கொதிக்கவிடாமல் சூட்டிலேயே வைத்து, நுரையை எடுத்து, துணியில் வடிகட்டினோம். ஆறியதும் பொன்னிறக் கட்டியாக உறைந்தது. கடையில் வாங்கும் வச்சிரத்தைவிடத் தெளிவு.

கசாப்புக் கடைக்காரரிடமிருந்து வழக்கமான மாட்டு நார் வந்தது. காயவைத்து, வீங்கிய கையால் இடையிடையே நிறுத்தி நிறுத்தித் தட்டினேன். அவளும் தட்டினாள். முதலில் ஓங்கி அடித்தாள். "துணி துவைக்கலைம்மா" என்றதும் மெதுவாக அடிக்கத் தொடங்கினாள். பல் டாக்டருக்குப் போன் செய்து, ஒட்டில்லாமல் முடியாது, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஒட்டு இருந்தா என்னம்மா? நான் ஒட்டவெச்சுத்தான் பொழைக்கிறேன்," என்றார். பிறகு, "நிதானமா முடிங்க," என்றார்.

முன்னெல்லாம் நான் நாரை நனைத்துச் சீவிக் கொடுப்பேன், தம்பி ஒட்டுவான். இப்போது அவன் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். என் இடத்தில் அவள்.

"சூடு போதுமா அண்ணி?"

"உன் விரல் பொறுக்குதா?"

"பொறுக்குது."

"அப்போ நாரும் பொறுக்கும்."

கைப்பிடியில் தொடங்கி இரண்டு பக்கமும் நுனிவரை ஒட்டிக்கொண்டே போனேன். ஒன்றின் முனை இன்னொன்றின் நடுவில். நடுவில் அவள் ஒருமுறை, "இதுல அவர் நினைச்சது எது இருக்கு அண்ணி?" என்று கேட்டாள்.

"பெரியவர் இருக்காரு," என்றேன். "மேல தெரியமாட்டாரு. எல்லா நாருக்கும் நடுவுல இருக்காரு."

நாலைந்து நாரை நனைத்துக்கொடுத்தாள். அப்புறம், "உங்க தம்பி இதைக் கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பாரு," என்றாள்.

"போட்டிருப்பான்."

"அப்புறம் ஒத்துக்குவாரு."

"ரெண்டு நாள் கழிச்சு."

அதற்கு மட்டும் சிரித்தாள்.

வில்லை இரண்டு ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்தாமல் வந்தோம். தினமும் எழுந்ததும் அவள்தான் முதலில் போய் முதுகைத் தொட்டுப் பார்க்கிறாள். "காஞ்சிருச்சான்னு பாருங்களேன்," என்று என்னையும் கூப்பிடுகிறாள். விரலை வைத்தால் இன்னும் பிசுபிசுக்கிறது. வெளியே மழை விட்டபாடில்லை. ஈரக்காற்று நிற்கும்வரை வச்சிரம் காயாது.