முதலாளிக்குப் போன நன்றி

எண்பத்திரண்டாம் வருஷத் தீபாவளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தறிக்கூட முதலாளி எந்தச் சாமியார் கூட்டத்துக்குப் போய்த் தொலைத்தாரோ, பண்டிகைக்கு முந்தின நாள் தறிகளை நிறுத்திவிட்டு எங்களையெல்லாம் பஞ்சுத் தூசிக்குள் உட்கார வைத்தார். கண்ணை மூட வேண்டுமாம். நன்றி உள்ளே ஊற வேண்டுமாம். ஊறினதை எழுந்து சொன்னால்தான் வேட்டி, சேலை.

எனக்கு வேட்டி வேண்டும். மகளுக்குத் தலைதீபாவளி. சாயங்காலம் புளியங்குடி பஸ்ஸில் மருமகன் வந்து இறங்குவான். புது வேட்டி எடுத்து வைக்கவில்லையென்றால் அவள் மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

முதலில் எழுந்த பேச்சி, "சோறு போடுதீக மொதலாளி" என்றாள்.

"அது வாயில இருந்து வருது. மனசுல இருந்து வரட்டும், உக்காரு."

தூ! ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட லீவு விடாத மனுஷன் மனசைப் பற்றிப் பேசுகிறார்.

அடுத்தது நான். எங்கிருந்துதான் அழுகை வந்ததோ!

"எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுன அன்னைக்கு நீங்கதான மொதலாளி கார் அனுப்புனீக? அதுக்குப் பெறவு நாலு வருசம் அவுக இருந்தது நீங்க போட்ட பிச்சை."

காரும் இல்லை, கழுதையும் இல்லை. அன்றைக்கு அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்!

"ஆமா, அனுப்புனேன்லா" என்று தலையையும் ஆட்டினார். இருந்ததிலேயே நல்ல கரை வேட்டியாகப் பார்த்துக் கொடுத்தார். காலில் விழுந்து வாங்கினேன்.

எழுந்து திரும்பினால், எனக்கு அடுத்து உச்சிமாகாளி அண்ணாச்சி நிற்கிறார். பக்கத்துத் தறிக்காரர். அன்றைக்கு என் வீட்டுக்காரரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, தன் முதுகோடு துண்டால் கட்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் மழையில் மிதித்தவர். அவருக்கு நான் ஒருநாளும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. நம் அண்ணாச்சிதானே என்று இருந்துவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெளம்பு தாயி, பஸ் வந்துரும்" என்றார்.

"உச்சிமாகாளி, நீ சொல்லுடே" என்றார் முதலாளி.

"எனக்கு ஒண்ணும் ஊறல மொதலாளி."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வெளியே நடந்தார். வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சீ, நானும் ஒரு பிறவி! முதலாளிக்கு அத்தனை பேசின வாய்க்கு, அண்ணாச்சி என்று கூப்பிட வரவில்லை.