ஊர்வாசலில் கழற்றிய செருப்பு

திர்சாளுக்குப் பொறாமை காது வழியாகத்தான் வந்தது. வாற்கோதுமைக் களத்தில் மில்காள் கழுதையைப் பற்றி ஏதோ சொன்னாள். அஸ்ரியேல் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கு மூன்று பிள்ளைகளைப் பெற்றவள் திர்சாள். அந்தச் சிரிப்பை அவள் அதுவரை கேட்டதேயில்லை.

மில்காள் அஸ்ரியேலின் தம்பி பெண்டாட்டி. தம்பி செமிதா பிள்ளையில்லாமல் செத்துப்போனான். அப்படிப் போனவனின் மனைவியை உடன்பிறந்தவன் கொள்ள வேண்டும். முதலில் பிறக்கும் ஆண்பிள்ளை செத்தவன் பேரைச் சுமக்கும். அதுதான் முறை.

கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த யோகேபா சும்மா இருக்கவில்லை. "என்னடி திர்சா, பானையிலதான் பங்குன்னு நெனச்சேன், பாயிலயுமா?"

"உன் வாயில தேள் கொட்ட!" என்று குடத்தைத் தூக்கினாள் திர்சாள். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திப்போயிற்று.

அன்று அஸ்ரியேல் அப்பத்தை எண்ணெயில் தொட்டு வாயில் வைக்கும்போதே ஆரம்பித்தாள். "அவ இந்த வாசப்படி ஏறினா, நான் பிள்ளைங்களோட இறங்கிடுவேன்."

"என் தம்பி பேரு இஸ்ரவேல்ல இல்லாமப் போகலாமா?"

"பேருதானே வேணும்? கல்லுல வெட்டி நட்டு வைங்க. கல்லு பக்கத்துல வந்து படுக்காது."

"அவ பாவம், திர்சா."

"பாத்தீங்களா? பாவமாம்! எனக்கு ஜுரம் வந்தப்ப யாரு பாவம்?"

பல நாள் இப்படியே போயிற்று. கடைசியில் அவன் சலித்துப்போய், "சரி, ஊர்வாசலுக்குப் போயி பெரியவங்க முன்னால அவ வேணாம்னு சொல்லிடறேன்" என்றான். அன்றைக்குத் திர்சாள் பருப்புக் கூழில் தாராளமாக வெங்காயம் போட்டாள்.

ஊர்வாசலில் மூப்பர்கள் கல்லிருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மதிலோரம் நின்றார்கள்.

மூப்பர்களில் ஒருவர் கேட்டார்: "ஏன்டா அஸ்ரியேல், நல்லா யோசிச்சியா? உன் வீட்டுக்கு 'செருப்பு கழன்றவன் வீடு'ன்னு பேரு வந்துடும். உன் பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லுவாங்க."

அஸ்ரியேல் தரையைப் பார்த்தபடி, "இவள எடுத்துக்க எனக்கு இஷ்டமில்ல" என்றான்.

திர்சாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மில்காள் வந்து அவன் காலடியில் மண்டியிட்டாள். கொள்ள மறுத்தவனின் செருப்பை ஊர் முன்னால் அவள்தான் கழற்ற வேண்டும். ஆனால் வார் அவிழவில்லை. அன்று விடிந்ததும் உற்சாகத்தில் திர்சாளே தன் கையால் கட்டிவிட்டிருந்தாள். முடிச்சுமேல் முடிச்சாக இறுக்கியிருந்தாள். மில்காள் அவன் குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறுகை நகத்தால் முடிச்சை நெருடினாள். பிறகு குனிந்து பல்லால் இழுத்தாள். அவள் முக்காடு அவன் முழங்காலில் சரிந்தது. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"எவ்ளோ நேரம்டி!" என்று யோகேபா கிசுகிசுத்தாள். "இதுக்குக் கல்யாணமே பண்ணி வெச்சிருக்கலாம்."

'அறுத்துத் தொலையேன்' என்று கத்தத் தோன்றியது திர்சாளுக்கு. மனைவியென்று இத்தனை வருஷம் வாழ்ந்தும் ஊர் பார்க்க அந்தக் காலை அவள் தொட்டதில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. மில்காள் செருப்பைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். முறைப்படி அவன் முகத்தில் துப்ப வேண்டும். அவள் புழுதியில் துப்பினாள். "தம்பிக்கு வாரிசு குடுத்து அவன் வீட்டக் கட்டாதவனுக்கு இப்படித்தான் செய்யணும்" என்றாள். குரல் உடைந்திருந்தது. மூப்பர்கள் அதுவே போதுமென்று விட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவன் ஒற்றைச் செருப்போடு விந்தி விந்தி நடந்தான். திர்சாள் பின்னாலேயே வந்தாள். கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்றுதான் வந்தாள். அத்திமரத் திருப்பத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அவ கை சூடா இருந்துச்சா?"

"இல்ல" என்றான் அஸ்ரியேல். யோசிக்கவேயில்லை. "சில்லுனு இருந்துச்சு."