பலாக்காய் சாண்ட்விச்

என் மகள் சுடர்விழி இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறாள். திருவிடைமருதூரில் தோழிக்குக் கல்யாணம். அது முடிந்து மதியம் தஞ்சாவூர், நாலரை மணிக்கு ரயில். நடுவில் மூன்று மணி நேரம் எனக்கு. அதில் அவள் என் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

சண்டையே சாப்பாட்டில்தான் வந்தது. ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனவள் திடீரென்று வீகன் ஆகிவிட்டாள். கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூடக் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அம்மா திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவுக்குப் போனவள். நாங்கள் தின்பதை வைத்தே எங்களை எடைபோட்ட ஊர் அது.

"எவனெவனோ நம்ம சட்டியப் பாத்து மூக்கப் பொத்துனான். இப்ப நீயும் பொத்துறியா?" என்று போனில் கத்தினேன்.

அவளும் விடவில்லை. "கறி சமைக்கக் கூடாதுன்னு சொன்ன வீட்டுல வாடகைக்கு இருந்துக்கிட்டு, நீ எனக்குச் சொல்றியா?" என்றாள்.

கணவர் இறந்த பிறகு பதினொரு வீடு கேட்டு ஏமாந்து, பன்னிரண்டாவதாக இந்த மாடி வீட்டுக்குத் தலையாட்டியவள்தான் நான். அவள் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது. போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு பொங்கலுக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு போன். தனியாக இருந்து பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். பொய். முப்பது வருஷம் நர்ஸாக வார்டு நிறைய ஆட்களோடு இருந்தவளுக்கு, ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது எந்தக் காலத்திலும் பழகாது.

சுடர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை மட்டன் வறுவலில் மிஞ்சியதை பிரெட்டுக்கு நடுவே வைத்து, இரும்பு டோஸ்டரில் அழுத்தி அடுப்பில் சுட்டுத் தருவேன். அதையே ஆடு இல்லாமல் செய்வது என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் பழகினேன். முதல் வாரம் சோயா உருண்டை, மென்றால் ரப்பர். அடுத்த வாரம் காளான், தண்ணீர் விட்டு பிரெட்டே ஊறிப்போனது. மூன்றாவது வாரம் மார்க்கெட்டில் பிஞ்சுப் பலாக்காய் கிடைத்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, குக்கரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்தேன். சின்ன வெங்காயம் வதக்கி, சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு அரைத்துப் போட்டு, ஓரம் கருகும்வரை வறுத்தேன். என் நாக்கே ஏமாந்தது. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். பிரெட்டில் பால் பவுடர் இருக்கிறதா என்று விசாரித்ததற்கு, "சுகரா சிஸ்டர்?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

அவள் வரும் அன்றைக்கு வாசனை கீழ்வீடுவரை இறங்கிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் குணசேகரன் படியேறி வந்தார்.

"மட்டன் வாசன வருதுங்களே சிஸ்டர். நம்ம பேச்சு என்ன, நீங்க பண்றது என்ன? எங்க, அந்தச் சட்டியக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

திறந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். சிரித்துக்கொண்டே அவரும் ஒரு வாய் கேட்டிருப்பார். என் கை மூடியில்தான் இருந்தது. ஆனால் அவர் எட்டிப் பார்த்த பார்வை என்னைத் திறக்கவிடவில்லை.

"ஆமாங்க, ஆட்டுக்கறிதான்" என்றேன்.

"அப்ப அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்குங்க."

"பாத்துக்கிறேன்."

அவர் இறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சுடர் அந்தக் கேட்டைத் தாண்டித்தானே வர வேண்டும்? அதற்குள் கீழே ஆட்டோ நிற்கும் சத்தம். "ஒங்கம்மா மேல ஆட்டுக்கறி சமைக்கிறாங்க. நீயாவது சொல்லும்மா" என்று அவர் சொல்வது மாடிவரை கேட்டது.

வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"இன்னைக்குமாம்மா? மூணு மணி நேரம்கூட ஒன்னால விட்டுக்குடுக்க முடியலையா?" குரல் உடைந்துவிட்டது. "நான் ஸ்டேஷன்லயே இருந்துக்கிறேன்."

சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய் மூடியை எடுத்தேன். "பலாக்காய்டி. பாலு, நெய்யி, ஒண்ணும் சேக்கல."

ஒரு நாரை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். வாயில் போட்டாள். "அப்ப அவருகிட்ட ஏன் ஆட்டுக்கறின்னு சொன்ன? தொறந்து காட்டியிருக்கலாம்ல?"

"பலாக்காய்னா இரு, கறின்னா கெளம்புன்னு சொல்றவருக்கு நான் எதுக்குக் காட்டணும்?"

செருப்பைக் கழற்றினாள். மூன்று சாண்ட்விச் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். பழைய சண்டையை இருவரும் எடுக்கவில்லை. அலுவலகம், கல்யாணப் பெண்ணின் புடவை, என் முட்டிவலி என்று எதையெதையோ பேசினோம். நாலு மணி ஆகிவிட்டது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் இறங்குவதை மாடியிலிருந்து பார்த்தேன். கேட்டருகே குணசேகரன் நின்றிருந்தார்.

"என்னம்மா, சாப்பாடு ஆச்சா?"

இரண்டு வருஷமாகத் தயிரைக்கூடத் தொடாதவள் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ஆச்சு சார். ஆட்டுக்கறி. எங்கம்மா வறுத்தா அப்படி இருக்கும்."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவ்வளவு பேசியும், அடுத்து எப்போது வருவாய் என்று கேட்க மறந்துவிட்டேன். வந்தால் எந்த வீட்டுக்கு வருவாள் என்பதும் எனக்குத் தெரியாது.