கறுப்பு மெஷினின் விசிறி

குரல் என்று வந்தால் கல்முனையில் தன்னை விட்டால் ஆளில்லை என்று றுமைஸே சொல்லுவான். அதில் பெரிய பொய்யும் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு அறிவிப்பு வாகனத்தில் ஏறியவன். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கிரிக்கெட் இறுதிப்போட்டி, புடவைக் கடையின் பெருநாள் மலிவு விற்பனை, காணாமல் போன மாடு எல்லாவற்றையும் சனம் அவன் வாயால்தான் கேட்டது. ஒலிபெருக்கிக் குழல் இரண்டுக்கும் கீழே தலையை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருசம் கத்தினான். இப்போது வாகனமும் இல்லை, வெயிலும் இல்லை. மனைவி ஹுஸ்னியாவின் வீட்டுப் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்தி வைத்து, கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் பள்ளிப் பாடங்களை வாசித்து அனுப்புகிறான். ஒளித்தொகுப்பு என்றால் என்ன என்று அவன் கேட்கிற தோரணையில், விடை தெரியாத பிள்ளைக்கும் வாய் திறக்கத் தோன்றும்.

அந்தத் தொழிலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அனுப்பிய பாடங்கள் திரும்பி வரத் தொடங்கின. குரலுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் ஒன்று விடாமல் கேட்கிறதாம். அங்கே ஒலியைச் சரிபார்க்கிற வினோஜா பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை, மரியாதை தெரிந்தவள். “அண்ணா, உங்கட கொம்பியூட்டர்ர விசிறிதான் இரையுது போல” என்று முதல் தடவை சிரித்துக்கொண்டு சொன்னாள். அடுத்த தடவை சிரிக்கவில்லை. இனி ஒரு பாடம் திரும்பினால் இரண்டாம் தவணைப் பாடங்களை வேறு குரலுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மேலே கதைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

றுமைஸ் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு அந்தப் பாடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டான். இரைச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொழும்புக்காரருக்கு எதிலும் குறை பிடிக்காவிட்டால் சோறு செமிக்காது என்று முடிவு கட்டினான். வினோஜா விடவில்லை. ஒலியைப் படமாக்கிக் காட்டுகிற மென்பொருளில் அவனுடைய பாடத்தைப் போட்டு, அந்தப் படத்தை அனுப்பினாள். மேலே ஓரமாக, தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரு நேர்கோடு ஓடியது. அதுதான் அந்த இரைச்சலாம். கண்ணால் கண்டதை மறுக்க முடியுமா? குற்றத்தைப் பழைய மடிக்கணினியின் தலையில் போட்டுவிட்டு, புதியது வாங்குவதென்று இறங்கினான்.

வாங்குகிறதுதான் வாங்குகிறோம், உயர்ந்ததாகவே வாங்குவோம் என்பது அவன் எண்ணம். பிரதான வீதியில் ஸிராஜின் கடை இருந்தது. ஸிராஜ் அவனோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கடையில் அப்படிப்பட்ட மெஷின்கள் இரண்டு கிடந்தன. ஒன்று வெள்ளி நிறம், தட்டை. உள்ளே விசிறியே கிடையாது, ஆகவே சத்தம் வர வழியில்லை. மெமரி பதினாறு. அதிகம் வேலை வாங்கினால் சூடேறி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்றது கறுப்பு, கொஞ்சம் பாரம். இரண்டு விசிறி, மெமரி முப்பத்திரண்டு, வேகம் சொல்லி வேலையில்லை. நிறுவனம் இப்போது படமும் குரலும் சேர்ந்த வீடியோப் பாடம் கேட்கிறது. பழைய மெஷினோ ஒரு வீடியோவைச் சேர்த்து முடிப்பதற்குள் இடையில் இறுகி நின்றுவிடும்.

“மெமரியப் பிறகு கூட்ட ஏலாது மச்சான். உள்ளுக்கே ஒட்டித்தான் வருது. இப்ப எடுக்கிறதுதான் கணக்கு” என்றான் ஸிராஜ்.

அந்த ஒரு சொல்லிலேயே றுமைஸின் மனம் கறுப்பு மெஷினிடம் போய்விட்டது. பதினாறா முப்பத்திரண்டா என்று கேட்டால் எந்த ஆம்பிளைதான் பதினாறு என்பான்? வீட்டுக்கு வந்து யூடியூப்பில் இரண்டைப் பற்றியும் ஆட்கள் கதைத்ததை எல்லாம் பார்த்தான். ஒருவன் கறுப்பின் விசிறி இருப்பதே தெரியாது என்றான். இன்னொருவன் காது கிழிகிறது என்றான். றுமைஸ் முதலாமவனை நம்பினான். ஆனாலும் வினோஜா அனுப்பிய கோடு கண்ணுக்குள்ளேயே நின்றது. தானே நேரில் கேட்டுப் பார்க்காமல் எடுப்பதில்லை என்று கடைக்கு நாலைந்து தடவை அலைந்தான். கடையிலோ ஏ.சி. இரைச்சல், மேலே காற்றாடி, வாசலில் அக்கரைப்பற்று பஸ்காரனின் கூப்பாடு. அங்கே ஒரு விசிறி ஓடுவதையா கேட்க முடியும்?

வழி சொன்னவன் ஸிராஜ்தான். “வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட வா. கடையெல்லாம் பூட்டு, வீதியில ஈ காக்கா இரிக்காது. ஷட்டர அரைவாசி தூக்கி, ஏ.சி.ய நிப்பாட்டிப் போட்டுத் தாறன். ஆறுதலாக் கேட்டுப் பாரு.”

அப்படியே நடந்தது. ஜும்ஆ முடிந்து வந்த றுமைஸ் சோற்றைக்கூடத் தொடாமல், ஹுஸ்னியாவையும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். அவளுக்கு மெமரியும் தெரியாது, விசிறியும் தெரியாது என்பது அவன் நினைப்பு. தான் ஒரு பொருளை எப்படி அலசி ஆராய்ந்து எடுக்கிறான் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பஸார் செத்துக் கிடந்தது. மூவரும் குனிந்து உள்ளே போனார்கள். ஸிராஜ் ஏ.சி.யை நிறுத்தினான், காற்றாடியை நிறுத்தினான், கைபேசியையும் அணைத்து மேசை லாச்சிக்குள் போட்டான். கறுப்பு மெஷினில் நீளமான ஒரு வீடியோவை ஏற்றி, சேர்க்கிற வேலையைத் தட்டிவிட்டான். அதைவிடப் பாரமான வேலை அதற்குக் கொடுக்க முடியாது. இரண்டொரு நிமிசத்தில் மூவருக்கும் முகம் வியர்த்தது.

றுமைஸ் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சரித்துக் கேட்டான். பெரிய வித்துவான் கச்சேரி கேட்கிற மாதிரி இருந்தது அந்த நிலை. பிறகு கண்ணைத் திறந்தான். முகமெல்லாம் பல்.

“மாஷா அல்லாஹ்! ஒண்டும் கேக்கல்ல. விசிறி இன்னும் ஓடவே துவங்கல்ல போல. சாமான் எண்டா இதுதான் சாமான். கட்டு மச்சான்.”

ஸிராஜ் வாயைத் திறந்து, மூடினான். கறுப்பு மெஷின் நோன்புக்கு முதலே வந்து விலைபோகாமல் கடையில் கிடக்கிறது. அதை விற்றால் அவனுக்குக் கிடைக்கிற இலாபமும் அதிகம். வாங்குகிறவனே சத்தமில்லை என்று சத்தியம் பண்ணும்போது விற்கிறவன் என்னத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டும்? அவன் பெட்டியைத் தேடுகிறவன் போலக் குனிந்தான். நிமிர்ந்தபோது பார்வை ஹுஸ்னியாவிடம் போயிற்று. அவள் அந்த மெஷினையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

“விசிறி ஓடுது” என்றாள்.

“என்ன?”

“விசிறி ஓடுது எண்டன். நுளம்பு காதுக்குள்ள இரையிற மாதிரி கிடக்கு. உங்களுக்குக் கேக்கல்லியா?”

“அது வெளியில ஆட்டோ போற சத்தம் புள்ள.”

“வெளியில ஒண்டும் போகல்ல.”

றுமைஸ் ஸிராஜைப் பார்த்தான். ஸிராஜ் நல்லவன்தான், கொஞ்சம் சுணங்கி, பிந்தித்தான் நல்லவனாவான். “ஓம் மச்சான், ஓடுது. தங்கச்சி சொல்றது சரி. ஏத்தின கையோடயே துவங்கிட்டு” என்றான்.

றுமைஸுக்குச் சுள்ளென்று ஏறியது. இருவரும் சேர்ந்து விளையாடுகிறார்களா? வெள்ளி மெஷினைத் தலையில் கட்டத்தான் ஸிராஜ் இப்படிச் சொல்கிறான் என்று ஒரு கணம் நினைத்தான். அது கறுப்பைவிட விலை குறைவு என்பது மறு கணம் நினைவுக்கு வந்தது. அப்படியும் விடவில்லை. காதுக்குப் பேர்போன தொழில்காரனிடமா இந்தக் கதை? “சரி, நான் சுவரப் பார்த்து நிக்கிறன். நீ வேலையக் குடு, நிப்பாட்டு, திரும்பக் குடு. எப்ப ஓடுது, எப்ப நிக்குது எண்டு நான் சொல்றன்” என்றான்.

சுவரில் ஒரு பிரிண்டர் விளம்பரம் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு, மைதானத்தில் ஓட்ட எண்ணிக்கை சொன்ன அதே மிடுக்கோடு, “இப்ப ஓடுது… இப்ப நிண்டுட்டு… ஆ, திரும்பத் துவங்கிட்டு” என்று சொல்லிக்கொண்டே போனான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சரி என்றும் இல்லை, பிழை என்றும் இல்லை. கடைசியில் அவன் திரும்பிப் பார்த்தான். ஹுஸ்னியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸிராஜின் விரல் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது.

“நான் நிப்பாட்டவே இல்ல மச்சான். நீ திரும்பி நிண்டதுல இருந்து ஓடிக்கொண்டுதான் இரிக்கி” என்றான்.

றுமைஸ் மேசைக்கு வந்தான். மெஷினின் ஓரத்தில் காற்று வெளிவரும் சிறு துவாரங்கள் இருந்தன. அவற்றுக்கு நேரே உள்ளங்கையை வைத்தான். சூடான காற்று கையில் மோதியது. சும்மா இல்லை, பலமாகவே மோதியது. விரல்களுக்கு இடையால் புகுந்து போயிற்று. உள்ளே விசிறி உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைத் துவாரத்துக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனான். கன்னம் சுட்டது. அப்போதும் கேட்கவில்லை.

அவனுக்குப் பயம் வந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய பயமில்லை. திரும்பி வந்த பாடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்தன. வினோஜாவோடு தர்க்கம் பண்ணியதும், கொழும்புக்காரரை ஏசியதும்கூட எழுந்தன. ஒரு மனிதன் தன் குரலை விற்றுப் பிழைக்கிறான், அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அதைவிட ஒரு வெட்கம் உண்டா?

“பெரியாஸ்பத்திரியில காதுக்கு ஒரு டொக்டர் வாறார். என்ட மாமாவும் காட்டினவர்தான். அவருக்கும் முகம் பார்த்துக் கதைச்சாக் கேக்கும், மெல்லிய சத்தம்தான் புடிபடாது. இப்ப மெல்லிசா ஒரு மெஷின் குடுக்கிறாங்க, போட்டாத் தெரியாது” என்றான் ஸிராஜ். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் எழுந்துபோய் ஏ.சி.யைப் போட்டான்.

றுமைஸ் கறுப்பு மெஷினை மூடி அப்பால் தள்ளினான். இத்தனை நாளாக மெமரி ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று போட்டு நிறுத்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போது நிறுக்க ஒன்றும் இருக்கவில்லை. சத்தம் வருகிறதா இல்லையா என்று அறிய முடியாதவனுக்குச் சத்தமே போட முடியாத பொருள்தான் சரி.

“வெள்ளியக் கட்டு. சுணங்கினாச் சுணங்கட்டும். பின்னேரம் வேலையக் குடுத்தா விடியிறதுக்குள்ள முடிக்கும்தானே” என்றான். பிறகு ஹுஸ்னியாவின் பக்கம் திரும்பினான், முகத்தைப் பார்க்கவில்லை. “இனி அனுப்ப முதல் நீ ஒருக்காக் கேட்டுப் பாரு. கண்ட கண்ட சத்தம் எல்லாத்தையும் சொல்லு. உன்ட காது நல்லாத்தான் இரிக்கி.”

அவள் தலையை ஆட்டினாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஹுஸ்னியா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். றுமைஸ் மோட்டார்சைக்கிளின் திறப்பைக் கையில் வைத்தபடி ஏறாமல் நின்றான். அவனுக்குக் கோபம் முழுதாக அடங்கியிருக்கவில்லை. யார் மேலாவது அதை இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

“ஒரே வீட்டுல இரிக்கிற. எனக்குக் காது கேக்கல்ல எண்டு உனக்குத் தெரியாதா? ஏன் நீ ஒருநாளும் சொல்லல்ல?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் அவள். “நான் குசினிக்குள்ள, அடுப்படியில இருந்து கூப்பிட்டா நீங்க வாறல்ல. பின்னால வந்து நிண்டு கதைச்சாலும் திரும்புறல்ல. படுக்கையில கதைச்சா மற்றப் பக்கம் பார்த்துப் படுத்துக் கிடப்பீங்க. நான் கோவம் எண்டு நினைச்சன்.”

“என்ன கோவம்?”

“வாப்பா காணிய எனக்கு எழுதாமத் தம்பிக்கு எழுதின கோவம்.”

றுமைஸ் திகைத்துப் போனான். அப்படியொரு காணி இருப்பதையே அவன் மறந்து போயிருந்தான். “அது எப்பவோ முடிஞ்ச கதை. எனக்கென்னத்துக்கு உன்ட வாப்பாட காணி?”

“அப்ப கோவமில்லையா?”

“இல்ல புள்ள.”

“ஒருநாளும் இல்லையா?”

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் ஹுஸ்னியா.

ஒருவனுக்குக் காது போய்விட்டது, பெண்சாதி அல்லாஹ்வைப் புகழ்கிறாள். றுமைஸுக்கு நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது. கண்ணால் தண்ணீர் வழிய, அதைத் துடைக்கவும் கை இல்லாமல், பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி அவள் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. எத்தனை இரவுகள் இவள் தன் முதுகைப் பார்த்துக் கதைத்து, பதில் வராமல் பேசாமல் படுத்திருப்பாள் என்று நினைத்தபோது, விசிறிக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தான்.

“என்னென்ன சொன்ன எனக்கு? நான் கேக்காமப் போனது?” என்றான்.

“கனக்கச் சொன்னன்.”

“இப்பச் சொல்லு.”

ஹுஸ்னியா அவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் தோளைத் தட்டினாள். அவன் முகத்தை முழுதாகத் திருப்பிப் பார்க்கும்வரை பொறுத்திருந்தாள்.

“இஞ்ச வேணாம், பின்னால இருந்து சொன்னா உங்களுக்குக் கேக்காது” என்றாள். “வீட்ட போய், முன்னுக்கு இருந்து சொல்றன்.”